பிறந்த நேரம் தெரியாத பச்சை

முத்திருளன் வீடுதானே கேட்டீர்கள்? சொல்கிறேன் அண்ணே. முதலில் இந்த நாற்காலியில் உட்காருங்கள். ஃபேன் காற்று இந்தப் பக்கம்தான் வரும். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களுக்காகப் போட்ட நாற்காலி, இப்போது யாரும் இல்லை.

தாய்மாமன் சீருக்கு டிராக்டர் பேசத்தானே போகிறீர்கள்? கையில் வெற்றிலை பாக்கு தெரிந்தது, அதனால் கேட்டேன். அவர் வண்டியைப் பேசாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒருத்தர் பிழைப்பில் மண்ணைப் போடுகிற ஆள் நான் இல்லை. ஆனால் சீருக்கு என்று வந்திருக்கிறீர்கள். எங்கள் சித்தப்பா சீரில் நடந்ததைக் கேட்டுவிட்டுப் போனால் நல்லது. நாளைக்கு, 'அந்தக் கடைக்காரத் தம்பிக்குத் தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே' என்று நீங்கள் என்னைத் திட்ட வேண்டியிருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நேரில் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சென்னையில் ஒரு தேர்வு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அதனால் தேர்வு என்று சொன்னால் போதும், காதுகுத்தாக இருந்தாலும் கருமாதியாக இருந்தாலும் என்னை விட்டுவிடுவார்கள். ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி சித்தப்பா சொன்னது. கொஞ்சம் பின்னால் டிரெய்லரில் உட்கார்ந்து வந்த பெரியம்மா சொன்னது. மிச்சம் முத்திருளனே டீக்கடையில் சொல்லி, ஆள் மாறி ஆள் மாறி என்னிடம் வந்தது. நானாக எதையும் சேர்க்கமாட்டேன்.

சித்தப்பா பேர் ஒச்சப்பன். அவருக்கு ஒரே தங்கை, வீருசின்னம்மாள், எனக்கு அத்தை. டவுனில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தை வீட்டுக்காரர் சுருளிவேல் மாமா பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அத்தைக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. வேண்டாத கோயில் இல்லை. பிறகுதான் ஒரு பெண் பிறந்தது. தியாஷினி என்று பேர். பெரியம்மா வாயில் அது நுழையாது, 'தேசிங்கு' என்றுதான் கூப்பிடும்.

அந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது வளைகாப்பு. முதல் பந்தியில் சித்தப்பாவுக்கு இலை போட்டு, உப்பும் வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு வேண்டிய அதிகாரி ஒருவர் வர, "மச்சான், நீங்க நம்ம ஆளு, அடுத்த பந்தியில உக்காருங்களேன்" என்று எழுப்பிவிட்டுவிட்டார். அவ்வளவுதான். "உப்பு வச்ச இலையில இருந்து எந்திரிச்சவன்டா நான்" என்று சித்தப்பா அன்றைக்கு டவுனை விட்டு வந்தவர், அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. பிள்ளை பிறந்தபோதும் ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி.

காதுகுத்து வந்தது. அத்தை வந்து அழுதது. "நீ மடியில வச்சாத்தாண்ணே என் பிள்ளைக்குக் காது குத்துவேன்" என்றது. சித்தப்பாவுக்கு உள்ளுக்குள் ஆசைதான். ஆனால் சுருளிவேல் மாமா அத்தை மூலமாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். "உங்கண்ணன் வரட்டும், வேணாங்கல. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துரும். அதுக்குள்ள சீரோட வந்தா அவன் மடி. வரலைன்னா எங்க பெரியப்பன் மகன் மடி."

பெரியப்பன் மகன் என்றால் பங்காளி. பங்காளி மடியில் காது குத்துவது தாய்மாமன் செத்துப்போனதற்குச் சமம். அதுவும் தாய்மாமன் உயிரோடு, ஒரு மணி நேரத் தூரத்தில், மீசையை முறுக்கிக்கொண்டு இருக்கும்போது. சித்தப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். நேரத்துக்குப் போக வேண்டும். போகிற சீரைப் பார்த்து டவுன் வாயைப் பிளக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. டவுனுக்குள் நுழைகிற இடத்தில் பஞ்சுப்பேட்டை முக்கு. அங்கே சிக்னல். நீங்களும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கும், அதனால் கவனமாகக் கேளுங்கள். முந்தைய வருஷம் எங்கள் ஊர் மொக்கைச்சாமி வீட்டுச் சீர் வேன் வேனாகப் போயிருக்கிறது. சிக்னல் நடுவில் விழுந்து அறுத்துவிட்டது. மேளம் அந்தப் பக்கம், சீர் இந்தப் பக்கம். மறுபடி பச்சை விழுந்ததும் இவர்கள் கிளம்புவதற்குள் சந்தில் இருந்து ஒரு வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. என்ன வண்டி தெரியுமா? அமரர் ஊர்தி. முன்னால் மேளம், அடுத்து அமரர் ஊர்தி, அதற்கும் பின்னால் சீர். காலி வண்டிதான். ஆனால் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற பொம்பளைகளுக்கு அது எப்படித் தெரியும்? தட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார்கள். இன்றைக்கும் மொக்கைச்சாமியைக் கண்டால் ஊரில், "என்ன மாமா, அடுத்த சீருக்கு அந்த வண்டியவே பேசிருவமா?" என்று கேட்கிறார்கள்.

சித்தப்பா ராத்திரி பகலாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தனித்தனி வண்டியாகப் போனால்தானே சிக்னல் அறுக்கும்? எல்லாம் ஒரே வண்டியாக இருந்தால்? ஆலைக்குக் கரும்பு இழுக்கிற டிராக்டர்கள் இரண்டு டிரெய்லரைக் கொக்கி போட்டு ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போவதை அவர் தினமும் பார்க்கிறவர். "கொக்கிய எந்த சிக்னல்டா அறுக்கும்?" என்று கேட்டாராம். முதல் டிரெய்லரில் மேளமும் சீர்த்தட்டும். அடுத்ததில் சொந்தபந்தமும் கிடாய்களும். ஒரே சீர், ஒரே வண்டி.

நான் ஃபோனில் சொன்னேன் அண்ணே. "சித்தப்பா, டிரெய்லர்ல ஆள் ஏத்தக் கூடாது. சட்டப்படி தப்பு" என்றேன்.

"ஆள யாருடா ஏத்துறா?" என்றார். "நம்ம சொந்தக்காரங்கதான ஏறுறாங்க."

அப்படி இரட்டை டிரெய்லர் இழுப்பதில் இந்தப் பக்கத்தில் பேர் போனவர் முத்திருளன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அந்தப் பேர் தலைக்கு ஏறியிருந்தது. பேசப் போன சித்தப்பாவை வெளியில் நிற்க வைத்துக்கொண்டே மீசைக்கு மை போட்டு முடித்தாராம். பிறகு வந்து, "மாப்ள, சீர் வண்டின்னா கரும்புச் சட்டையோட வரமுடியாது. பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை எடுத்துக் குடுத்துரணும்" என்றார். கொடுத்தார்கள். "கூலிங் கிளாஸ் என்கிட்டயே இருக்கு" என்றார். நல்லது என்றார்கள். கடைசியாக, "ஸ்டியரிங் என் கையில இருக்கிற வரைக்கும் யாரும் என்கிட்ட வாயக் குடுக்கக் கூடாது" என்றார். அதற்கும் சித்தப்பா தலையாட்டிவிட்டார். தாய்மாமன் என்ற நினைப்பில் அன்றைக்கு அவர் எதற்கும் தலையாட்டுவார்.

வெள்ளிக்கிழமை காலையில் நல்லபடியாகக் கிளம்பியிருக்கிறார்கள். உறுமி, வாழைக்குலை, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி தாய்மாமன் சீர் என்று ஃபிளக்ஸ், மாலை போட்ட கிடாய்கள். சித்தப்பா டிராக்டரின் இடது பக்க மட்காடு மேல் உட்கார்ந்திருக்கிறார். மடியில் துண்டு விரித்து, அதன் மேல் ஒரு தட்டு. தட்டில் கம்மலும் பட்டுப்பாவாடையும். முதல் டிரெய்லரின் முகப்பில் வீடியோக்காரர், முன்பக்கம் பார்த்துக் கேமராவை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

வண்டி ஆமை மாதிரி போயிருக்கிறது. பஸ் முந்துகிறது, மினி லாரி முந்துகிறது, தட்டு முறுக்கு விற்கிறவர் மொபெட் முந்துகிறது. சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் முத்திருளன் முகத்தைப் பார்ப்பதுமாக வந்திருக்கிறார். முத்திருளனோ முன்னால் போகிற லாரிக்கும் தனக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தலே போடலாம் போல இடம் விட்டுக்கொண்டு வருகிறார். அந்த இடத்துக்குள் ஆட்டோ ஒன்று நுழையும். உடனே இவர் இன்னும் கொஞ்சம் பின்வாங்குவார். இன்னொரு ஆட்டோ நுழையும்.

"மாமா, இப்பிடியே இடம் விட்டுக்கிட்டே வந்தா நம்ம ஊருக்கே திரும்பிருவோம் போல" என்றாராம் சித்தப்பா.

"வாயக் குடுக்கக் கூடாதுன்னு பேச்சு" என்றாராம் முத்திருளன்.

டவுன் வந்துவிட்டது. பஞ்சுப்பேட்டை முக்கு தூரத்தில் தெரிகிறது. சிக்னல் பச்சையாக எரிகிறது. முக்கில் வலது பக்கம் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் காதுகுத்து நடக்கிற மண்டபம். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சித்தப்பாவுக்கு அப்படியொரு சந்தோஷம். "சாமி, பச்சையக் காட்டிட்டியே!" என்று கையெடுத்துக் கும்பிட்டதாக அவரே சொன்னார்.

கும்பிட்ட கையை இறக்கவில்லை, முத்திருளன் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டார்.

வண்டி தொய்ந்தது. முன்னால் ரோடு காலி. எதிரே பச்சை. ஆனாலும் வண்டி மெல்ல மெல்ல நிற்கப் போகிறது. பின்னால் இருந்து ஹாரன், மேலே இருந்து உறுமி.

"மாமா, பச்சை!"

"தெரியுது."

"பச்சைங்குறேன்!"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு மாப்ள."

"அப்ப மிதியேன்யா!"

மிதித்தார். பிரேக்கை. மெதுவாகத்தான் மிதித்தார் என்று பெரியம்மா சொல்கிறது. கிடாய்கூட அசையவில்லையாம், அது வாழைத்தாரைத் தின்றுகொண்டிருந்ததாம். கோட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. நிற்கும்போதே பச்சை மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது.

நீங்களே சொல்லுங்கள் அண்ணே. பச்சையில் நிறுத்துகிற டிரைவரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? சித்தப்பா மட்காடு மேல் முழுசாக முத்திருளன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திட்டித் தீர்த்திருக்கிறார். பரம்பரையை எல்லாம் இழுத்திருக்கிறார். முத்திருளன் கூலிங் கிளாஸைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

அப்போதுதான் சித்தப்பா எனக்கு ஃபோன் போட்டார். இந்த இடம் மட்டும் நான் நேராகக் கேட்டது. தேர்வு மையத்தின் கேட்டில் நிற்கிறேன். ஃபோனை அணைத்துப் பையில் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டார், உறுமிச் சத்தம் காதைக் கிழிக்கிறது.

"டேய், நீ படிச்சவன். இந்த ஆளுக்குச் சொல்லு. பச்சைன்னா போகலாமா, கூடாதா? சட்டம் என்ன சொல்லுது?"

"போகலாம் சித்தப்பா" என்றேன். வேறு என்ன சொல்வது? எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அதுதான் இருக்கும்.

"கேட்டியா? கேட்டியாய்யா?"

முத்திருளன் குரல் வந்தது. "யாரு, நம்ம தம்பியா? தம்பி, ஒரு சின்னக் கேள்வி. ஒருத்தன் சோசியர்கிட்டப் போறான். எப்பப் பிறந்தேன்னு அவனுக்கே தெரியாது. அவன் ஆயுச எந்தச் சோசியன் சொல்லுவான்?"

"சொல்ல முடியாதுங்க" என்றேன்.

"அம்புட்டுத்தான். நான் முக்கப் பாக்கும்போதே அந்தப் பச்சை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எப்பப் பிறந்துச்சு, யார் கண்டா? கிழட்டுப் பச்சை. பிறந்த நேரம் தெரியாத பச்சைய நம்பி நான் இம்புட்டு நீளத்த உள்ள விடமாட்டேன். என் மூஞ்சி பச்சையில போகும், என் வால் சிவப்புலதான் போகும். வால்ல யாரு உக்காந்திருக்கா, கேளுங்க உங்க சித்தப்பாகிட்ட."

"மஞ்சள் விழுந்தா அப்ப நிறுத்த வேண்டியதுதானய்யா!" இது சித்தப்பா.

"மஞ்சளப் பாத்து மிதிச்சா நான் நிப்பேன் மாப்ள, பின்னாடி இருக்கிற டிரெய்லர் பெட்டி நிக்காது. அது என்னைய முந்தப் பாக்கும். குறுக்க மடங்கும். கரும்புன்னா சரிஞ்சத அள்ளிப் போட்டுக்கலாம். உங்க பெரியாத்தாள எப்பிடி அள்ளுறது?"

பெரியம்மா டிரெய்லரில் இருந்தே, "என்னைய எதுக்குடா இழுக்குற, பொசகெட்டவனே!" என்றது எனக்குக் கேட்டது. அதற்குள் காவலாளி என் ஃபோனைப் பிடுங்காத குறை. அணைத்துவிட்டேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் பேச்சு கேட்க நன்றாக இருக்கும். ஜாதகம், சோசியர், ஆயுசு. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன், சட்டத்தில் புதுப் பச்சை, கிழட்டுப் பச்சை என்று எதுவும் கிடையாது. பச்சை என்றால் பச்சைதான். நான் சொன்னதில் தவறு இல்லை.

சரி, அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்த முக்கில் நாலு பக்கமும் ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். சித்தப்பாவால் உட்கார முடியவில்லை. கடிகாரத்தைப் பார்க்கிறார், சிவப்பைப் பார்க்கிறார். கண் முன்னால் பங்காளியின் மடி தெரிகிறது. அதில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பொறுக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டார்.

"மாப்ள, ஏறுங்க, இப்ப விழுந்துரும்."

"நீ இங்கயே குடியிரு. ரேஷன் கார்டு வாங்கித் தாரேன்!"

வண்டிகளுக்கு நடுவில் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி, வலது பக்க ரோட்டில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறிவிட்டார். பட்டுச் சட்டை வேர்வையில் ஊறிவிட்டதாம். தாய்மாமன் ஆட்டோவில், சீர் சிக்னலில்.

மண்டபத்து முன்வாசலில் ஆரத்தி எடுக்கக் கூட்டமாக நின்றிருந்தார்கள். ஆட்டோக்காரர் கூட்டத்தைப் பார்த்து, சமையல்கட்டுப் பக்கம் இருக்கிற பின்வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அண்டா கழுவுகிற இடத்தைத் தாண்டி, வெங்காயத் தோலை மிதித்துக்கொண்டு, கையில் ஒற்றைத் தட்டோடு சித்தப்பா உள்ளே நுழைந்திருக்கிறார். அத்தை வீட்டார் காலையில் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்கள். மணையில் பங்காளி துண்டை உதறிக்கொண்டு உட்காரத் தயாராக நின்றாராம். அது உண்மையா என்று தெரியவில்லை, சித்தப்பா சொல்வது.

சுருளிவேல் மாமா ஒற்றைத் தட்டைப் பார்த்தார். சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மச்சான், சீர் மொத்தமும் ஒரு ஆட்டோவுக்குள்ள அடங்கிருச்சா?"

சித்தப்பா தட்டை மணைக்குப் பக்கத்தில் வைத்தார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டது. வேகமாக வந்து பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டது. "எங்கண்ணன் வந்துருச்சு, ஆசாரி, குத்துங்க" என்றது. அவ்வளவுதான். ராகு காலம் பிறக்கும் முன்னால், தாய்மாமன் மடியில் வைத்து, இரண்டு காதும் குத்தியாகிவிட்டது. பிள்ளை கத்திய கத்தலில் மண்டபம் கிடுகிடுத்ததாம். சித்தப்பா அதற்கும் மேல் அழுதாராம். இதை அத்தைதான் சொன்னது, சித்தப்பா சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களை இந்த வெயிலில் உட்கார வைத்துக் கதை சொல்லியிருக்கமாட்டேன்.

முக்கில் மறுபடி பச்சை விழுந்திருக்கிறது. இந்தப் பச்சை பிறந்ததை முத்திருளன் கண்ணால் பார்த்தார். அப்போதும் உடனே எடுக்கவில்லை. இடமும் வலமும் பார்த்தார். சிவப்பில் தப்பி ஓடி வந்த ஒரு மினி பஸ் போகட்டும் என்று இருந்தார். பிறகு மெல்ல எடுத்து, வலது பக்கம் திரும்ப வேண்டிய வண்டியை முதலில் நேராக நடு முக்கு வரை விட்டு, அப்புறம் அகலமாக வளைத்தார். கடைசி டிரெய்லர் நடுத்திட்டில் ஏறாமல், ஒரு தேங்காய் உருளாமல், மொத்தச் சீரும் அந்த ஒரே பச்சையில் வளைந்து போயிருக்கிறது. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நின்று பார்த்தார்களாம். போக்குவரத்துப் போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார் என்று பெரியம்மா சொல்கிறது. பெரியம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லும், ஆனால் சீர் அறுபடவில்லை என்பது உண்மை. சித்தப்பா ஆசைப்பட்ட அதே சீர். சித்தப்பா மட்டும் அதில் இல்லை.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் எல்லாம் மாமா வீட்டுச் சொந்தம். சித்தப்பா மாமா வீட்டு வாசலை மிதித்தது வளைகாப்போடு சரி, அவர் முகம் அவர்களுக்கு எங்கே நினைவிருக்கும்? பின்வாசல் வழியாக வந்தவரை அவர்கள் பார்க்கவும் இல்லை. மேளத்தோடு இவ்வளவு பெரிய சீர் வருகிறது. முன்னால், பட்டுக்கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, மை போட்ட மீசை, கூலிங் கிளாஸ்.

ஆரத்தி எடுத்துவிட்டார்கள் அண்ணே. நெற்றியில் பொட்டு வைத்து, தாய்மாமனுக்கு என்று கட்டி வைத்திருந்த ரோஜா மாலையை முத்திருளன் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

சரி, அவர்களுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும் அல்லவா? "நான் டிரைவர்ம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கழுத்தை நீட்டினார். அதுவும் போதாமல் டிராக்டர் மேல் எழுந்து நின்று நாலு பக்கமும் கும்பிட்டிருக்கிறார். டீக்கடையில் கேட்டதற்கு, "மங்கலமா ஒரு பொம்பள மாலை போடும்போது வேணாம்னு சொன்னா அபசகுனம்" என்றாராம்.

மேளச் சத்தம் கேட்டு, காதில் ரத்தப்பொட்டோடு விசும்புகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தப்பா வாசலுக்கு வந்தார். தன் மாலையை இன்னொருவர் கழுத்தில் பார்த்தார். பக்கத்தில் வந்து நின்ற சுருளிவேல் மாமாவும் பார்த்தார். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏய்யா மச்சான், ஒரு பிள்ளைக்கு ரெண்டு தாய்மாமனா அனுப்பி வச்சிருக்க!"

சிரித்துக்கொண்டே சித்தப்பா தோளில் கை போட்டு, முதல் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் பக்கத்திலேயே உட்கார வைத்தார். உப்பைத் தானே வைத்தார். இப்போது இரண்டு பேரும் வாரத்துக்கு ஒரு முறையாவது ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள்.

மாமாவோடு இருந்த பகை முத்திருளன் பக்கம் போய்விட்டது. சித்தப்பா டீக்கடைக்குப் போனால் அவர் எழுந்து போய்விடுவார், அவர் இருந்தால் இவர் போகமாட்டார். எப்போதாவது இரண்டு பேரும் மாட்டிக்கொண்டால் ஒரே பேச்சுதான்.

"பச்சைதானய்யா எரிஞ்சது?"

"பச்சைதான். யார் இல்லேன்னா?"

"அப்ப எதுக்கு நிறுத்துன?"

"பச்சையா இருந்துச்சு. அதான் நிறுத்துனேன்."

ஊரில் பாதிப் பேர் சித்தப்பா பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். சிலர், விளக்கு அப்போதே மஞ்சளாகிவிட்டது, ஒச்சப்பனுக்குக் கண் சரியில்லை என்றுகூடப் பேச ஆரம்பித்தார்கள். சித்தப்பாவுக்கு அது பெரிய வருத்தம். "நீ படிச்சவன், நீயே பாத்துச் சொல்லுடா" என்றார். எனக்கும் பிறர் சொல்லக் கேட்டுப் பேசுவதில் விருப்பம் இல்லை. வீடியோக்காரரிடம் போய், வெட்டி ஒட்டாத முழு வீடியோவையும் பென் டிரைவில் வாங்கி வந்தேன். இதோ, இந்தக் கம்ப்யூட்டரில்தான் போட்டுப் பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

படம் தெளிவாக இருக்கிறது. சித்தப்பா கும்பிடுகிறார். வண்டி தொய்கிறது. பச்சை எரிகிறது. வண்டி கோட்டில் நிற்கிறது, மஞ்சள், சிவப்பு. சித்தப்பா முத்திருளன் பக்கம் திரும்பி ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறார், பிறகு ஃபோனைக் காதில் வைக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால், இடது பக்க ரோட்டுக்குப் பச்சை விழுந்த உடனே, ஒரு வெள்ளை வேன் முதல் ஆளாகப் பாய்ந்து வந்து முக்கைக் குறுக்கே கடக்கிறது. அந்தப் பச்சையில் நிற்காமல் போயிருந்தால் எங்கள் டிரெய்லர் வளைந்துகொண்டு இருந்திருக்கும் இடம் அது. வேன் நெற்றியில் மாவிலைத் தோரணம். முன் சீட்டில் அத்தை. அத்தை மடியில் இருந்து சந்தனம் பூசின ஒரு சின்ன மொட்டைத் தலை, உறுமிச் சத்தம் எங்கே என்று ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. பிறகு வேன் மண்டபத்துப் பக்கம் போய்விடுகிறது.

நடக்காததைப் பற்றி நான் எதுவும் சொல்லமாட்டேன். படத்தில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். முத்திருளன் பிரேக்கை மிதித்தபோது விளக்கு பச்சைதான்.